கப்பலில் ஏறும் உள்ளூர்க்காரர்



சென்ற இதழில் போடி ரயிலைப் பற்றி நான் எழுதியதைப் படித்த பி பிளாக் பொடியன் ஒருவன் லிஃப்டில் என்னை மடக்கிக் கொண்டான். "தாத்தா, தூத்துக்குடியில வேலை பார்த்தப்ப துறைமுக பைலட் ஒருத்தரைத் தெரியும்னு சொன்னீங்களாமே? துறைமுகத்துல ஏது பிளேன்?" என்று கேட்டான். மூன்றாம் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற சமாச்சாரமா அது? அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். நம் மலைக்கும் அந்தக் கடலுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

முதலில் பைலட் என்றால் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டி தெரியாது. வெளியூர்க்காரர் எவ்வளவு பெரிய காரில் வந்தாலும், தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஒரு ஜீப் வரட்டும் என்று ஓரமாக நிறுத்திக் காத்திருப்பார். அந்த ஜீப்பின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடுவார். ஜீப் டிரைவருக்கு உலகத்துச் சாலையெல்லாம் தெரியாது. ஆனால் எந்த வளைவில் மண் சரியும், எங்கே எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

துறைமுக பைலட்டும் அப்படித்தான். கப்பலின் கேப்டன் ரோட்டர்டாமிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டத் தெரிந்தவராக இருப்பார். கடைசி இரண்டு மூன்று மைலுக்கு மட்டும் அவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் தேவை. அந்த உள்ளூர்க்காரர் முன்னால் போய் வழிகாட்டுவதில்லை. நடுக்கடலில் கப்பலிலேயே ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, கப்பலைக் கரை சேர்த்துவிட்டு இறங்கிப் போகிறார்.

இனி அந்தப் பழைய கணக்கு. நூறு வருடத்துக்கு முன்னால் மூணாறு, கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை சீமைக்குப் போனது நம் ஊர் வழியாகத்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். 1908-ல் அதை மாற்றிச் சின்ன ரயில் விட்டார்கள். அதில் டாப் ஸ்டேஷன் வந்து சேரும் தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கும். கோட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். அதுவரை அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரைக்கும் வண்டிப் பயணம்தான். பிறகு தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல். 1924 வெள்ளம் அந்தச் சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பி வடம் இருந்த இடத்தின் மிச்சங்களைக் குரங்கணிப் பக்கம் மலையேறுகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

தேயிலை தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடிக் கரை ஆழமில்லாதது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பெட்டிகளும் பஞ்சுப் பொதிகளும் தோணியில்தான் அங்கே போக வேண்டும். கொழும்புக்குப் போகிற பயணிகளும் சிறிய நீராவிப் படகில் போய்த்தான் பெரிய கப்பலில் ஏறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு இதுதான் பாதை. வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்து 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை விட்டாரே, அவையும் இதே கடலில் ஓடியவைதான்.

கப்பல் கரைக்கு வராத ஊரில், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த ஐந்தாறு மைலும் தோணிக்காரர்கள் கையில் இருந்தது. தோணியின் தலைவரைத் 'தண்டல்' என்பார்கள். பாறை எங்கே, மணல்திட்டு எங்கே, எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் தண்டலுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். ஆழம் பார்ப்பது ஈயக்குண்டு கட்டிய கயிற்றில். குண்டின் அடியில் கொழுப்பு தடவி இறக்கினால், அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்தே இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். உலகம் பூராவும் மாலுமிகள் இப்படித்தான் செய்தார்கள். ஆழத்தை அளக்கும் கணக்கு 'பாகம்'. இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுத வருவதற்கு முன் மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் பைலட்டாக இருந்தவர். அவருடைய புனைபெயருக்கு அர்த்தமே 'இரண்டு பாகம் ஆழம்' என்பதுதான். கப்பல் தரை தட்டாமல் போகப் போதுமான ஆழம் என்று பைலட்டுக்குக் கூவிச் சொல்லும் குரல் அது.

இந்தத் தொழில் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்ததும் இல்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்றொரு வணிகக் கையேடு இருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது. எந்தத் துறைமுகத்தில் என்ன வாங்கலாம், என்ன விற்கலாம் என்று எங்கள் வங்கியின் சுற்றறிக்கை மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் புத்தகம். அதில் நர்மதை ஆற்று முகத்தில் இருந்த பாரிகாசா, அதாவது இன்றைய பரூச், பற்றி ஒரு செய்தி வருகிறது. அந்த முகத்துவாரம் மணல்திட்டுகள் நிறைந்தது, அலையேற்றமும் பொல்லாதது. அதனால் அரசரின் சம்பளத்தில் இருந்த உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் வெளியே போய், வருகிற கப்பல்களை எதிர்கொண்டு, திட்டுகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பார்களாம். அரசாங்க பைலட் சேவை அன்றைக்கே இருந்திருக்கிறது, பாருங்கள்.

நம் பக்கத்தில் அகநானூற்றில் கப்பலோட்டிக்கு 'நீகான்' என்று ஒரு சொல் வருகிறது. மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துக் கப்பலைத் துறைக்குக் கொண்டுவருகிறவன் அவன். 'மீகாமன்' என்ற சொல்லை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததை எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தி என்ற ஊரில் அவருக்கு ஒரு வழிகாட்டி கிடைத்ததும், அவர்தான் அரபிக்கடலைத் தாண்டிக் கூட்டிவந்தார் என்பதும் பாடத்தில் ஒரு வரியாக வரும், அல்லது வராது. அந்த வழிகாட்டி இன்னார் என்று பிற்காலத்தில் ஒரு பிரபலமான பெயரைச் சொன்னார்கள். இன்றைய வரலாற்று அறிஞர்கள் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை.

பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் பைலட் என்றால் கல்கத்தாதான். ஹூக்ளி ஆறு மாதிரி பொல்லாத நீர்வழி உலகத்தில் சிலவே உண்டு. கடலிலிருந்து கல்கத்தா துறைக்கு 200 கி.மீ.க்கு மேல் ஆற்றிலேயே வர வேண்டும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் மணல்மேடாகிவிடும். 1694-ல் 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பல் அங்கே ஒரு திட்டில் சிக்கி முழுகியது. அன்றிலிருந்து அந்தத் திட்டுக்கே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று பெயராகிவிட்டது. அந்தத் திட்டில் தட்டிய கப்பலைச் சேறு பிடித்துக்கொள்ளும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்த்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி 1660-களிலேயே இந்த ஆற்றுக்கென்று பைலட்டுகளைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டது. சிறு வயதில் ஈயக்குண்டு போடும் வேலைக்குச் சேர்ந்து, வருடக்கணக்கில் ஆற்றைப் படித்து, பரீட்சை எழுதித்தான் பைலட்டாக முடியும். வங்காள பைலட் சேவை என்று பெயர். சம்பளத்திலும் மரியாதையிலும் குறைவில்லாத உத்தியோகம்.

தூத்துக்குடிக்கு வருவோம். கப்பலே கரைக்கு வந்து நிற்கும்படியான துறைமுகம் அங்கே கட்டி முடித்து, 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். கடலுக்குள் ஏறக்குறைய நான்கு நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு கல் தடுப்புச் சுவர்கள் இணையாகப் போகின்றன. கரையிலிருந்து பார்த்தால் இரண்டு நீண்ட கைகள் கடலை அணைத்த மாதிரி இருக்கும். கைகள் முடிகிற இடத்தில் உள்ளே வர ஒரு வாசல். அந்த வாசலுக்குள் கப்பலைக் கொண்டுவருவதுதான் பைலட்டின் வேலை.

நான் 1990-களில் தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். பி.காம். படித்தவன் என்பதால் ஏற்றுமதி பில்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நம் போடிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் எங்கள் பார்ட்டி. ஊர்க்காரன் என்ற உரிமையில் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஆனி மாதம் வளைகுடா நாட்டுக்கு அவர் அனுப்ப வேண்டிய சரக்கு கன்டெய்னரில் தயாராகத் துறைமுகத்தில் நின்றது. அதை ஏற்றிக்கொண்டு கொழும்பு போக வேண்டிய கப்பலும் வந்துவிட்டது. ஆனால் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, உள்ளே வரவில்லை.

வணிகம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்.சி. என்பது வாங்குபவரின் வங்கி கொடுக்கும் வாக்குறுதி. இன்ன தேதிக்குள் சரக்கைக் கப்பலில் ஏற்றி, அதற்கான பத்திரத்தைக் காட்டினால் பணம் தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கில் சரக்கு ஏறிய தேதி இருக்கும். எல்.சி.யில் சொன்ன கடைசித் தேதிக்கு ஒரு நாள் தாண்டினாலும் அந்த வாக்குறுதி செல்லாது. வியாபாரிக்குக் கையிலிருந்தது இரண்டே நாள். எஸ்டேட்காரர்களுக்குப் பத்து நாளில் பணம் தருவதாகச் சொல்லித்தான் அவர் காய் எடுத்திருந்தார்.

"தம்பி, கப்பல் கண்ணுக்குத் தெரியுது. உள்ள வர்றதுக்கு அதுக்கு என்ன கேடு?" என்று மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தெரியவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மூலம் அன்று சாயங்காலம் ஒரு பைலட்டைச் சந்தித்தோம். துறைமுகத்தில் கப்பல் பிரிவின் தலைமை அதிகாரிக்கு 'டெபுடி கன்சர்வேட்டர்' என்று பதவிப் பெயர். அந்தப் பலகையைப் பார்த்த நம் வியாபாரி, வனத்துறை ஆபீசுக்கு ஏன் கூட்டிவந்தாய் என்று கேட்டார். மலைக்காரர் அல்லவா, கன்சர்வேட்டர் என்றால் வேறு என்ன நினைப்பார்!

பைலட் ஐம்பது வயதுக்காரர். முன்பு வெளிநாட்டுக் கப்பல்களில் அதிகாரியாக ஓடியவர். வியாபாரியின் குறையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கப்பல் வந்துரும் அண்ணாச்சி. நான் அதுல ஏறணும்லா?" என்றார்.

அப்போதுதான் அந்த ஏணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி ஒன்றைத் தொங்க விடுவார்கள். கயிற்றுக்கு நடுவே மரப்படிகள். கடைசி நான்கு படிகள் மட்டும் ரப்பர். கப்பல் நிற்காது, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பைலட் படகு அதே வேகத்தில் அதன் பக்கத்தில் ஒட்டி ஓடும். படகு அலையின் உச்சிக்குப் போகிற அந்த ஒரு கணத்தில் பைலட் ஏணிக்குத் தாவ வேண்டும். அலை இறங்கும்போது தாவினால், அடுத்த அலை படகைத் தூக்கிக்கொண்டு வந்து காலை நசுக்கிவிடும். தாவியதும் நிற்காமல் ஏற வேண்டும். ஏறுகிற உயரம் ஒன்பது மீட்டருக்கு மேல் இருந்தால் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று சர்வதேச விதி. ஒன்பது மீட்டர் என்றால் நம் பிளாக்கில் மூன்று மாடி. லிஃப்ட் நின்ற அன்று நாம் போட்ட கூப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வீசும்போது கேப்டன் கப்பலைத் திருப்பி, ஏணி இருக்கும் பக்கம் காற்று படாமல் மறைவு கொடுப்பார். கப்பலே ஒரு சுவராக நின்று சிறிது தூரத்துக்கு அலையை அடக்கும். அப்படியும் முடியாத நாட்கள் உண்டு. தென்மேற்குக் காற்று வலுக்கிற ஆனி, ஆடியில் தூத்துக்குடிக் கடல் நுரைத்துக்கொண்டிருக்கும். ஏணியிலிருந்து விழுந்து செத்த பைலட்டுகள் உலகத்தின் எல்லாக் கடலிலும் இருக்கிறார்கள். கயிறு நைந்திருக்கும், ஏணியைச் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள். தனக்குத் தெரியாத யாரோ கட்டிய முடிச்சை நம்பித்தான் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் ஏணியை உற்றுப் பார்த்து, சரியில்லை என்றால் ஏற மாட்டேன் என்று சொல்ல பைலட்டுக்கு உரிமை உண்டு. "ஏறமாட்டேன்னு சொல்லுறதுதான் அண்ணாச்சி இந்த வேலையில கஷ்டமான வேலை. கப்பல்காரன், ஏஜென்ட், சரக்குக்காரன் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க" என்றார் அவர். வியாபாரி தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டதை நான் கவனித்தேன்.

மேலே ஏறிய பிறகு? கேப்டனும் பைலட்டும் முதலில் தகவல் பரிமாறிக்கொள்வார்கள். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, எஞ்சின் எப்படி, திருப்பினால் எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று கேப்டன் சொல்வார். காற்று, நீரோட்டம், எந்த மேடை, எத்தனை இழுவைப் படகு என்று பைலட் சொல்வார். பிறகு பைலட் உத்தரவுகளைச் சொல்லத் தொடங்குவார். சுக்கான் பிடிக்கிறவர் ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார், செய்து முடித்ததும் மறுபடி சொல்வார். எங்கள் கிளையில் ஒருவர் தொகையை வாசிக்க, இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி டிக் போடுவோமே, அச்சாக அதேதான். வங்கியில் தப்பினால் ராத்திரி எட்டு மணி வரை பேலன்ஸ் தேடுவோம். கடலில் தப்பினால் தேட நேரம் கிடையாது.

இதில் ஒரு இக்கட்டு இருக்கிறது. சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் கப்பலுக்கு ஓரளவு வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் சுக்கான் சொன்னபடி கேட்காது, காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனாலோ கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே அமிழும், தரை தட்டும். வெளியே காற்று தள்ளும்போது வேகத்தோடு வாசலுக்குள் நுழைய வேண்டும், நுழைந்ததும் உள்ளே சுவரில் மோதாமல் நிறுத்தவும் வேண்டும். ஆயிரக்கணக்கான டன் எடைக்கு பிரேக் கிடையாது. இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு தள்ளியும் இழுத்தும் மேடையில் சேர்க்கும். கட்டி முடித்ததும் பைலட் ஒரு சீட்டை நீட்டுவார், கேப்டன் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டை வைத்துத்தான் துறைமுகம் கட்டணம் வசூலிக்கும்.

எனக்கு இந்தத் தொழிலில் பிடிபடாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. உத்தரவு போடுவது பைலட். அப்படியானால் இடித்துவிட்டால் யார் பொறுப்பு? கேப்டன்தான். 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம் நம்மை நூறு ஆண்டுக்கு மேல் ஆண்டது. 2025-ல்தான் புதுச் சட்டம் நிறைவேறியது. பழைய சட்டத்தின் 31-ஆம் பிரிவு, இந்தக் கட்டாயம் உள்ள துறைமுகங்களில் 200 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் பைலட் இல்லாமல் நுழையவோ நகரவோ கூடாது என்றது. அதே பிரிவு, பைலட் இருந்தாலும் சேதத்துக்குக் கப்பலின் உரிமையாளரும் கேப்டனும்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. பிரிட்டனில் முன்பெல்லாம், கட்டாயமாக ஏற்றிய பைலட்டின் தவறு என்று நிரூபித்தால் கப்பல்காரர் தப்பிக்கலாம். 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையை எடுத்து, 1918 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பனாமா கால்வாய் மட்டும் விதிவிலக்கு. அங்கே கப்பலின் கட்டுப்பாடு முழுவதும் பைலட் கைக்குப் போய்விடும்.

2021 மார்ச் 23-ல் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே சிக்கியது உங்கள் வாட்ஸ்ஆப்பிலும் கேலிப்படமாக வந்திருக்கும். ஆறு நாள் உலக வாணிபம் நின்றது. அப்போது கப்பலில் கால்வாயின் பைலட்டுகள் இரண்டு பேர் இருந்தார்கள். பணியாளர்கள் 25 பேரும் இந்தியர்கள். மண்ணிலிருந்து விடுவித்த பிறகும் நஷ்டஈட்டு வழக்கால் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். ஜூலை 7-ம் தேதிதான் விட்டார்கள். பைலட்டுகள் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். கப்பலோடு கிடந்தவர்கள் நம் பிள்ளைகள். நம் குடியிருப்பிலும் கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த மூன்று மாதத்தின் நீளம் தெரியும்.

பைலட்டுகளின் பெயரைக் காப்பாற்றிய சம்பவமும் ஒன்று உண்டு. 2024 மார்ச் 26 அதிகாலை. அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' என்ற கப்பலில் திடீரென்று மின்சாரம் போய்விட்டது. கப்பல் நேராகப் பெரிய பாலத்தின் தூணை நோக்கி மிதக்கிறது. அதிலும் இரண்டு பைலட்டுகள், பணியாளர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். சுக்கானைத் திருப்பச் சொல்லி, நங்கூரத்தை இறக்கச் சொல்லி, இழுவைப் படகைக் கூப்பிட்டு, இவற்றோடு கூட பாலத்தில் வண்டிகளை நிறுத்துங்கள் என்று பைலட் வானொலியில் சொன்னார். கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. பாலம் சரிந்தது. மேலே சாலை வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். ஆனால் அதற்குள் போலீஸ் இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்துவிட்டது. நடு ராத்திரியில் அந்தப் பாலத்தில் கார் ஓட்டிப் போகவிருந்தவர்களுக்கு, தங்களை நிறுத்தச் சொன்னவர் யார் என்று தெரிந்திருக்காது.

போடி வியாபாரியின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அந்தப் பைலட் மறுநாளும் ஏறவில்லை. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் காற்று சற்றுத் தணிந்ததும் படகில் போனார், ஏறினார், கப்பல் உள்ளே வந்தது. கன்டெய்னர் ஏறியது எல்.சி.யின் கடைசித் தேதிக்கு மறுநாள்.

"ஒரு தேதிதானே, முன்னால போட்டுக் கொடுக்கச் சொன்னா என்ன?" என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அவர் என்னிடம் வந்து அதை நேரடியாகக் கேட்கவில்லை. "தம்பி, நீ பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பல் எந்தத் தேதிக்கு உள்ளே வந்தது என்பதும் தெரியும், ஏணியைப் பற்றிக் கதை கேட்டவன் நான்தானே! பத்திரத்தில் உண்மையான தேதியோடுதான் பில் வந்தது. சரிபார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை, கையெழுத்து அதிகாரியுடையது. 'சரக்கேற்றம் ஒரு நாள் தாமதம்' என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஊர்க்காரர் ஆயிற்றே என்கிற மாதிரி. பிறகு கையெழுத்துப் போட்டார்.

வாங்குபவர் சந்தர்ப்பத்தைப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்டார். நம்மவர் ஒத்துக்கொண்டார். எஸ்டேட்காரர்களுக்குத் தவணை சொல்லித்தான் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் என் மேசைப் பக்கம் வரவில்லை. அதற்கப்புறம் வந்தார், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதிலிருந்து ஒவ்வொரு எல்.சி.க்கும் பேரம் பேசும்போதே, கடைசித் தேதி ஆனி, ஆடிக்குள் விழாதபடி பார்த்துக்கொண்டார். விழுந்தால் பத்து நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குவார். "காத்துக்கு" என்று அதற்குக் காரணம் சொல்வார்.

பி பிளாக் பொடியனுக்கு ஒரு குறிப்பு. தூத்துக்குடி போகிறபோது கடற்கரையில் நின்று கப்பல்களின் கொடியைப் பார். மஞ்சளும் நீலமும் செங்குத்துப் பட்டைகளாக மாறி மாறி இருந்தால், எனக்கு பைலட் வேண்டும் என்று கப்பல் கேட்கிறது. பாதி வெள்ளை, பாதி சிவப்பாக இருந்தால் பைலட் ஏறிவிட்டார். இருட்டிய பிறகு போனால், மேலே ஒரு வெள்ளை விளக்கும் கீழே ஒரு சிவப்பு விளக்கும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகு வெளியே போவது தெரியும். அது பைலட் படகு. காற்று அதிகமாக இருந்தால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்.